அந்தப் பேச்சுகள் உண்மையிலேயே கூட்டத்தை அசைத்தனவா?

தக்கலைப் பக்கமிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்கு ‘அமைதியும் சமத்துவமும்’ என்று தலைப்பு. மார்ட்டின் லூதர் கிங், மண்டேலா, விவேகானந்தர் என்று யூடியூபில் தேடிப் போட்டுக் காட்டியிருக்கிறார். பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எல்லாரும் சொல்றதைத்தானே இவங்களும் சொல்றாங்க, இதுக்கா இவ்வளவு பேரு?” என்று எழுந்து போய்விட்டாளாம். நல்ல பேச்சு எழுதுவது எப்படி என்று யோசனை கேட்பது போலத் தெரிந்தாலும், அவருடைய கேள்வி அதுவல்ல. இந்தப் பேச்சுகள் அன்றைக்கே கூட்டத்தை அசைத்தனவா, இல்லை பேர் வந்த பிறகு நாம் ஏற்றிச் சொல்கிறோமா என்பது ஒன்று. அசைத்தன என்றால் எதனால் என்பது இன்னொன்று.

நான் கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது, போட்டிகளில் நடுவராக உட்காருவது இரண்டையும் வெகுகாலம் செய்திருக்கிறேன். சமாதானம் என்றால் புறா, சமத்துவம் என்றால் பாரதி, முடிவில் ‘உறுதியேற்போம்’ என்று கேட்டுக் கேட்டு, தலைப்பைப் பார்த்ததுமே கொட்டாவி வருகிற நிலைக்கு வந்தவன் என்றும் சொல்லலாம். அதனால் உங்கள் மகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் சொன்னது பாதி சரி. அந்தப் பேச்சுகளில் கருத்து என்று பார்த்தால் புதிதாக ஒன்றும் கிடையாது. மனிதர் எல்லாரும் சமம் என்பது அன்றைக்கும் கூட்டத்துக்குத் தெரிந்த விஷயம்தான். எனக்குப் பட்ட காரணம் வேறு. கேட்டவர்களோ அவர்களுடைய நாடோ ஏற்கனவே கொடுத்துவிட்டு மறந்துபோன ஒரு வாக்கை எடுத்து, ‘இது நீங்கள் சொன்னதுதானே, எங்கே?’ என்று அவர்கள் முன்னாலேயே வைத்தார்கள். கூட்டத்தை அசைத்தது பெரும்பாலும் அந்தக் கேள்விதான்.

அதற்கு முன்னால் முதல் கேள்வியை முடித்துவிடுவோம். எல்லாப் பேச்சுக்கும் ஒரே அளவு சாட்சி கிடையாது. கிங் பேசியதற்கு முழு ஒலி, ஒளிப்பதிவு இருக்கிறது. கூட்டம் எந்த இடத்தில் குரல் கொடுத்தது என்பதை நாமே கேட்கலாம். மண்டேலா நீதிமன்றத்தில் பேசியதும் ஒலியாகவே இருக்கிறது. விவேகானந்தர் சிகாகோவில் பேசியதற்கு ஒலிப்பதிவு கிடையாது. அவருடைய சொந்தக் குரல் என்று சுற்றுகிறவை பிற்காலத்தில் யாரோ வாசித்தவை. உங்கள் மகள் கேட்டது அதுவாக இருந்தால் அவள் எழுந்து போனதில் தப்பே இல்லை. 1893 செப்டம்பர் 11 அன்று “சகோதரிகளே, சகோதரர்களே” என்று அவர் தொடங்கினார், கூட்டம் பெரிதாக வரவேற்றது என்பவை உறுதி. ஆனால் இரண்டு நிமிடம் கைதட்டல் நிற்கவில்லை என்று நாம் சொல்கிறோமே, அது அங்கே இருந்தவர்களின் நினைவிலிருந்து வந்த கணக்கு. கடிகாரம் வைத்து யாரும் பார்க்கவில்லை. இதைவிடச் சிக்கலான ஒன்று உண்டு. அடிமையாகப் பிறந்து விடுதலையான சோஜர்னர் ட்ரூத் என்ற கறுப்பினப் பெண் 1851இல் ஒஹையோ மாநிலத்தில் பேசினார். “நான் பெண் இல்லையா?” என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டதாகத்தான் உலகமே மேற்கோள் காட்டுகிறது. ஆனால் பேசிய அடுத்த சில வாரங்களில் வெளிவந்த பத்திரிகைப் பதிவில் அந்த வாக்கியம் இல்லை. 12 வருடம் கழித்து, 1863இல் வேறொருவர் எழுதி வெளியிட்ட வடிவத்தில்தான் அது வருகிறது. அந்த வடிவம் அமெரிக்கத் தென்மாநிலக் கொச்சையில் இருக்கிறது. அவரோ நியூயார்க் மாநிலத்தில் டச்சு மொழி பேசி வளர்ந்தவர். ஆக, பிற்பாடு ஏற்றிச் சொல்வதும் நடக்கிறது. உங்கள் சந்தேகம் நியாயமானதுதான்.

இனி கிங். அவரிடம் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் ஆதாரமும் அதிகம், கற்றுக்கொள்ளவும் அதிகம். 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன். ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். அந்தப் பேரணியின் பெயரையே நாம் பாதி மறந்துவிட்டோம்: ‘வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி’. வேலை என்ற சொல் முதலில் வருகிறது. மக்கள் அங்கே கனவு கேட்க வரவில்லை, கூலியும் உரிமையும் கேட்க வந்தார்கள். நாள் முழுக்க வெயிலில் நின்று பல பேச்சுகளைக் கேட்ட பிறகு, கடைசிப் பக்கமாகத்தான் கிங்கின் முறை வருகிறது. யூடியூபில் நமக்குக் காட்டப்படுவது அவர் பேச்சின் பின்பகுதி, ‘எனக்கொரு கனவு உண்டு’ என்று அடுக்குகிற இடம். முன்பகுதியைப் பெரும்பாலும் வெட்டிவிடுகிறார்கள். அங்கே அவர் என்ன சொல்கிறார் தெரியுமா? இந்த நாட்டின் அரசியல் சட்டத்தையும் சுதந்திரப் பிரகடனத்தையும் எழுதியவர்கள் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். கறுப்பின மக்கள் கையில் கொடுத்த செக், பணம் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. அந்தச் செக்கை மாற்றத்தான் தலைநகருக்கு வந்திருக்கிறோம் என்கிறார். நிற்கிற இடம் லிங்கன் நினைவகத்துப் படிக்கட்டு. அடிமைகளை விடுவிக்கும் லிங்கனின் பிரகடனம் வந்து சரியாக நூறு வருடம். அந்தக் கணக்கையும் அவர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். கடன் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், எத்தனை நாள் தவணை தப்பியிருக்கிறது என்று எல்லாம் மேசைமேல் வைத்தாயிற்று. அதற்குப் பிறகு வருவதால்தான் கனவுக்கு எடை. செக்கை வெட்டி எறிந்துவிட்டுக் கனவை மட்டும் கேட்டால், உங்கள் மகள் சொன்ன மாதிரி, எல்லாரும் சொல்வதுதான்.

கனவுப் பகுதி எழுதிக் கொண்டுவந்த உரையில் இல்லை என்பது உறுதி. பாடகி மஹாலியா ஜாக்சன் மேடைக்குப் பக்கத்திலிருந்து, கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்தார் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டுத்தான் அவர் தாளை விட்டு விலகினாரா, தானாகவே விலகினாரா என்பது அவ்வளவு உறுதி இல்லை. ஆனால் இதை வைத்து, மேடையில் திடீரென்று ஊற்றெடுத்தது என்று நம் ஊரில் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். 1962 நவம்பரில் வட கரோலினாவில் ஒரு பள்ளி அரங்கத்திலும், 1963 ஜூனில் டெட்ராய்ட்டிலும் அவர் அந்தக் கனவை ஏற்கனவே சொல்லிப் பார்த்திருக்கிறார். எந்த இடத்தில் கூட்டம் எழும், எங்கே மூச்சு விட வேண்டும் என்பதெல்லாம் நாக்குக்குத் தெரிந்த பிறகுதான் தாளை மடித்தார். மனப்பாடம் செய்வது கேவலம் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு இதை நான் சொல்வதுண்டு. சொந்தமாகிப்போன அளவுக்குச் சொல்லிப் பழகியதைத்தான் எழுதாமல் பேச முடியும்.

கூட்டத்தின் பங்கையும் பார்க்க வேண்டும். பதிவைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழிருந்து ஆமென், ஆமாம் என்று குரல் வந்துகொண்டே இருக்கும். கறுப்பினத் திருச்சபைகளில் போதகர் ஒரு வரி சொல்ல, சபை பதில் சொல்லும் பழக்கம் அது. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அம்மன் கோவில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும்: அண்ணாவி கதையை ஒரு அடி நகர்த்துவார், பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போட்டு அதை வாங்கிக்கொள்வார். அந்த ‘ஆமா’ இல்லாமல் வில்லிசை படுத்துவிடும். கிங்குக்குப் பின்பாட்டுப் பாட இரண்டரை லட்சம் பேர் இருந்தார்கள், அவ்வளவுதான். அதோடு, நீதி தண்ணீரைப் போல் புரண்டு வரட்டும் என்று அவர் சொன்னது ஆமோஸ் தீர்க்கதரிசி சொன்னது; பள்ளங்கள் உயர்த்தப்படும், மலைகள் தாழ்த்தப்படும் என்பது ஏசாயா. அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் படித்த வசனங்கள். தங்களுக்கு மனப்பாடமான வேதம் தங்கள் கூலிக்கும் ஓட்டுக்கும் சாட்சி சொல்ல வரும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அசைவு அங்கே இருக்கிறது.

இந்த ‘உங்கள் வாக்கு எங்கே’ முறையைக் கிங் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு நூறு வருடத்துக்கு முன்பே, 1852 ஜூலை 5 அன்று, அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஃபிரெடெரிக் டக்ளஸ் அமெரிக்கச் சுதந்திர தின விழாவில் பேசினார். முதலில் நாட்டை நிறுவியவர்களை மனமாரப் புகழ்கிறார். உட்கார்ந்திருந்தவர்கள் குளிர்ந்துபோயிருப்பார்கள். பிறகுதான் கேட்கிறார்: ஒரு அடிமைக்கு உங்கள் ஜூலை நான்கு என்ன? இது உங்கள் கொண்டாட்டம், எனக்குத் துக்கம். அந்த அரங்கில் இருந்தவர்கள் அடிமை முறையை எதிர்த்தவர்கள்தான். எதிரிகள் முன்னால் கத்துவது சுலபம். நம்மை அழைத்து மாலை போட்டவர்களிடமே இதைக் கேட்க வேறொரு துணிச்சல் வேண்டும்.

நம் நாட்டில் இதற்குச் சமமாக நான் வைக்கிற பேச்சு 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியது. பேச்சுப் போட்டிப் பிள்ளைகள் அதைத் தொடுவதே இல்லை, ஏனென்றால் அதில் கைதட்டல் வாங்கும் வரி குறைவு. சட்டத்தை எழுதி முடித்த குழுவின் தலைவர், அடுத்த நாள் அதை ஏற்கப்போகிற சபையில் நின்றுகொண்டு எச்சரிக்கிறார்: 1950 ஜனவரி 26 அன்று நாம் முரண்பாடுகள் நிறைந்த ஒரு வாழ்க்கைக்குள் நுழையப் போகிறோம், அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமத்துவமின்மை இருக்கும், இந்த முரணைச் சீக்கிரம் தீர்க்காவிட்டால், துன்பப்படுகிறவர்கள் இந்தச் சபை பாடுபட்டுக் கட்டியதைத் தகர்த்துவிடுவார்கள். குரலை ஏற்றி இறக்கிச் செய்கிற வேலை எதுவும் இங்கே இல்லை. ஒரு வழக்கறிஞரின் வாதம். ஆனால் சபை தானே எழுதிய எழுத்தைத்தான் அவர் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். உணர்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உணர்ச்சி தொண்டையிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை என்கிறேன்.

சரி, யார் வேண்டுமானாலும் இப்படிக் கேட்டுவிட முடியுமா? முடியாது. கேட்பவன் எதைப் பணயம் வைத்தான் என்று கூட்டம் பார்க்கும். 1964 ஏப்ரல் 20 அன்று தென்னாப்பிரிக்காவில், ரிவோனியா வழக்கு என்கிற சதி வழக்கில் மண்டேலா பேசியது ஏறத்தாழ மூன்று மணி நேரம். அதில் பெரும்பகுதி வறண்ட விவரம்: இயக்கம் எப்படி வன்முறைக்கு வந்தது, கம்யூனிஸ்டுகளோடு என்ன உறவு, கறுப்பின மக்களின் வறுமை, படிப்பு, அடையாளச் சீட்டுச் சட்டம். கடைசிப் பத்தியில்தான், ஜனநாயகமும் சமவாய்ப்பும் உள்ள சமுதாயம் என்ற லட்சியத்துக்காக வாழ விரும்புகிறேன், தேவையானால் சாகவும் தயார் என்கிறார். தூக்குத் தண்டனை கிடைக்கக்கூடிய வழக்கு அது. அந்த வரி நீதிபதியைச் சீண்டிவிடும் என்று வழக்கறிஞர்கள் பயந்தார்கள். ‘தேவையானால்’ என்பதை மட்டும் சேர்த்துக்கொண்டு அவர் சொன்னார். ஜூன் 12 அன்று ஆயுள் தண்டனை வந்தது. பேச்சுதான் தூக்கிலிருந்து காப்பாற்றியதா என்றால், உலக நாடுகளின் அழுத்தம் உட்பட எத்தனையோ காரணங்கள் உண்டு, பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே வரியை ஒரு ஏசி அரங்கத்தில் பொன்னாடை போர்த்திக்கொண்டு சொல்லியிருந்தால் இன்று நாம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்பது நிச்சயம்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். இங்கே சமத்துவம் என்பது வெளியூரிலிருந்து வந்த தலைப்பு இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை போடுவதற்கே பல பத்தாண்டுகள் போராடி, 1859இல்தான் திருவிதாங்கூர் அரசாணை வந்த மண் இது. சுசீந்திரம் கோவிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே 1926இல் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12 அன்று கோவில் நுழைவுப் பிரகடனம் வந்த பிறகு, 1937 ஜனவரியில் காந்தி திருவிதாங்கூர் முழுக்கச் சுற்றிக் கன்னியாகுமரி வரை வந்தார். காந்தி பேச்சாளரே இல்லை என்பது என் அபிப்பிராயம். தாழ்ந்த குரல், ஏற்ற இறக்கம் கிடையாது. கூட்டத்தில் பாதிப்பேருக்குக் காதிலேயே விழுந்திருக்காது. ஆனாலும் அசைந்தார்கள், ஏனென்றால் அந்த மனிதரின் வாழ்க்கையை முன்பே கேட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா இதற்கு நேர் எதிர்ப்பக்கம். இடி போன்ற குரல், முழு உடம்பாலும் பேசுகிற பேச்சு. ஆனால் அவரைக் கேட்டவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது குரலை அல்ல. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிகளிடம் கம்பனையும் பாரதியையும், உங்களுக்கு இது எதற்கு என்ற எண்ணமே இல்லாமல், முழுதாக எடுத்து வைத்தாரே, அதைத்தான். உனக்கும் இது உரியது என்று சொல்வதைவிட, உரியது என்று வைத்துக்கொண்டே பேசுவது சமத்துவத்தில் ஒரு படி மேல். காந்தியின் மெல்லிய குரலும் ஜீவாவின் முழக்கமும் ஒரே மாதிரிக் கூட்டங்களை அசைத்திருக்கின்றன என்பதை யோசித்தால், குரல் பயிற்சிக்கு நாம் கொடுக்கிற மரியாதை கொஞ்சம் கூடுதலோ என்று படும்.

இவர்களுக்கெல்லாம் முன்னால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் செய்ததையும் இங்கே சேர்ப்பேன், அது பேச்சு அல்ல என்றாலும். தலைப்பாகை கட்டக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபட வரச்சொன்னார். சாதி பார்க்காமல் எல்லாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்க வைத்தார். தாழக்கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம் என்ற வரி இன்றும் இங்கே சாதாரண ஜனங்கள் வாயில் நிற்கிறதென்றால், தலைப்பாகையும் கிணறும் அந்த வரிக்குப் பின்னால் இருப்பதனால்தான் என்று நான் நினைக்கிறேன். இது என் கருத்து மட்டுமே.

இதுவரை சொன்னதெல்லாம் சமத்துவம். உங்கள் மகளுடைய தலைப்பில் அமைதியும் இருக்கிறது, அங்கேதான் தொல்லை. சமத்துவத்துக்கு வாதி, பிரதிவாதி உண்டு. யாரிடம் எதைக் கேட்கிறோம் என்பது தெளிவு. அமைதி வேண்டாம் என்று யாருமே சொல்வதில்லை, சண்டை போடுகிறவன் உட்பட. அதனால்தான் அமைதியைப் பற்றிய பேச்சுகளில் பெரும்பாலானவை காற்றில் போய்விடுகின்றன. நின்றவை எவை என்று பாருங்கள். 1963 ஜூன் 10 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி ஒரு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பேசினார். நாம் எல்லாரும் ஒரே காற்றைத்தான் மூச்சுவிடுகிறோம், எல்லாருக்கும் பிள்ளைகளின் எதிர்காலம் முக்கியம், எல்லாரும் சாகப் பிறந்தவர்கள் என்றார். அழகான வரிகள். ஆனால் அதே பேச்சில், மற்ற நாடுகள் செய்யாதவரை வளிமண்டலத்தில் அணுகுண்டுச் சோதனை செய்ய மாட்டோம் என்று தன் பக்கத்திலிருந்து ஒரு வாக்கும் கொடுத்தார். சோவியத் பத்திரிகைகள் பேச்சை வெளியிட்டன. ஆகஸ்ட் 5 அன்று சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. வெறும் ‘ஒரே காற்று’ மட்டும் என்றால் பட்டமளிப்பு விழாவோடு முடிந்திருக்கும். சமத்துவப் பேச்சு எதிராளியின் வாக்கைக் கேட்கிறது, அமைதிப் பேச்சு தன் வாக்கைக் கொடுத்துத் தொடங்க வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

அவருடைய தம்பி ராபர்ட் கென்னடியின் ஒரு பேச்சும் உண்டு. 1968 ஏப்ரல் 4 இரவு, இண்டியானாபோலிஸ் நகரில், பெரும்பாலும் கறுப்பின மக்கள் கூடிய ஒரு தேர்தல் கூட்டம். கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி அங்கே பலருக்குத் தெரியாது. லாரி மேல் நின்று அவரே சொன்னார். பழி வாங்கும் எண்ணம் வந்தால் அதை நான் புரிந்துகொள்வேன், என் குடும்பத்திலும் ஒருவரைக் கொன்றார்கள், கொன்றவன் வெள்ளைக்காரன்தான் என்றார். அண்ணன் கொலையைப் பற்றி அதுவரை பொதுமேடையில் அவர் வாய் திறந்ததில்லை. அன்றிரவும் அடுத்த நாள்களிலும் நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களில் கலவரம். இண்டியானாபோலிஸ் பெரும்பாலும் அமைதியாக இருந்தது. பேச்சுதான் காரணம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்த நகரத்தின் உள்ளூர்த் தலைவர்கள் என்ன செய்தார்கள், மற்ற நகரங்களோடு என்ன வேறுபாடு என்பதெல்லாம் கணக்கில் வர வேண்டும். பேச்சுக்கும் பங்கு உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்வது நியாயம்.

சில வேளைகளில் பேச்சே போதாது. 1947 செப்டம்பரில் கல்கத்தாக் கலவரத்தின்போது காந்தி பேசிப் பேசிப் பார்த்துவிட்டு, முதல் தேதி உண்ணாவிரதம் தொடங்கினார். நான்காம் தேதி முடிப்பதற்குள் ஆயுதங்களைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே 1982இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரம் இருக்கிறது. குன்றக்குடி அடிகளார் வந்து அமைதிப் பணி செய்தார் என்பதை மூத்தவர்கள் நன்றியோடு சொல்வார்கள். பட்டிமன்ற மேடைகளில் தமிழ்நாடே கேட்ட நா அவருடையது. ஆனாலும் அப்படிப்பட்ட நேரத்தில் மேடை ரெண்டாம் பட்சம். ஒரு சைவ மடத்தின் தலைவர் எந்தத் தெருவுக்குள் நடந்து போகிறார், யார் வீட்டில் உட்காருகிறார் என்பதைத்தான் ஊர் முதலில் கவனிக்கும்.

அப்புறம் உத்திகள். ஒரே சொற்றொடரைத் திரும்பச் சொல்வது, மூன்றாக அடுக்குவது, சுருக்கமாக முடிப்பது எல்லாம் வேலை செய்யும், கற்றுக்கொள்ளவும் முடியும். லிங்கன் கெட்டிஸ்பர்க்கில் 1863 நவம்பர் 19 அன்று பேசியது சுமார் 270 சொற்கள். அதே மேடையில் அவருக்கு முன்னால் ஒருவர் இரண்டு மணி நேரம் பேசினார், அவர் பெயர் யாருக்கும் நினைவில்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இதே அடுக்கும் இதே ஏற்றமும் வெறுப்பை வளர்க்கிற மேடைகளிலும் கச்சிதமாக வேலை செய்கின்றன. கைதட்டல் மனமாற்றத்துக்கு அத்தாட்சியும் இல்லை. கிங் பேசி மூன்று வாரம் ஆவதற்குள், செப்டம்பர் 15 அன்று, அலபாமாவில் ஒரு தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். பேச்சு ஏற்கனவே பாதி நனைந்திருந்தவர்களை நனைத்தது. குண்டு வைத்தவர்களை அது தொடவே இல்லை. சிவில் உரிமைச் சட்டம் 1964 ஜூலையில் வந்ததற்குப் பேச்சு, குண்டு, சிறை, பேரம், ஓட்டு எல்லாமே காரணம்.

நடுவராக நான் கேட்டதில் ஒன்றைச் சொல்கிறேன், உங்கள் மகளுக்குப் பயன்படும். பெண் சமத்துவம் என்று தலைப்பு. வரிசையாகப் பிள்ளைகள் வந்து வீரப்பெண்களின் பெயர்ப்பட்டியலை ஒப்பித்துவிட்டுப் போனார்கள். ஒரு பிள்ளை வந்து, எங்க அம்மா முந்திரி ஆலையில் தொலி உரிக்கிறாள் என்று தொடங்கினாள். வறுக்கிற ஆண்களுக்கு நாள் கூலி, அம்மாவுக்குக் கிலோக் கணக்கு. கொட்டை சின்னதாக இருந்தால் அன்றைக்குக் கூலியும் சின்னது. ஆலை வாசலில் சம வேலைக்குச் சம ஊதியம் என்று போர்டு மட்டும் இருக்கிறது. அவ்வளவுதான் சொன்னாள், குரலை உயர்த்தவே இல்லை. அரங்கத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தாய்மாரில் பலர் அதே வேலைக்குப் போகிறவர்கள். ஒருத்தி “சொல்லு மக்ளே” என்றாள். அந்தப் பிள்ளைக்கு ஆறுதல் பரிசுதான் கிடைத்தது. உச்சரிப்பு, ஏற்ற இறக்கம், உடல்மொழி என்று மதிப்பெண் தாளில் கட்டம் போட்டிருந்தார்கள். போர்டைப் படித்துக் காட்டியதற்குக் கட்டம் இல்லை.

ஆகவே உங்கள் மகளுக்கு நான் சொல்வது இது. கிங்கின் பேச்சை மறுபடி போட்டுக் காட்டுங்கள், ஆனால் முதல் பாதியை மட்டும். மண்டேலாவின் கடைசிப் பத்தியை விட்டுவிட்டு, அவர் பட்டியல் போடுகிற இடத்தைக் காட்டுங்கள். மேற்கோள் வேண்டுமானால் ஒன்று போதும். ஐந்து நிமிடத்தில் அதற்கு மேல் இடம் இல்லை, நான்காவது நிமிடத்தில் மணி அடித்துவிடுவார்கள். பிறகு அவளையே தேடச் சொல்லுங்கள்: அவளுடைய பள்ளியிலோ தெருவிலோ, பஸ்ஸிலோ, எல்லாருக்கும் சமம் என்று எழுதியோ சொல்லியோ வைத்துவிட்டு நடக்காமல் இருப்பது எது? சின்ன விஷயமாக இருந்தாலும் போதும், அவள் கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். அமைதிப் பகுதிக்கு, தன் பக்கத்திலிருந்து எதை விட்டுக்கொடுக்க அவள் தயார் என்று ஒரு வாக்கியம். நடுவர்களில் சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம், பரிசுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். எழுதியதை வீட்டில் உங்களிடம் அல்ல, அந்த விஷயம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் யாரிடமாவது ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். அவர் இடையில் ஏதாவது குறுக்கே பேசினால், அந்த இடத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைக் குறைக்கலாம்.